பாரிசிலிருந்து லியோனுக்கு: ரயிலா, பஸ்ஸா, காரா?



தோட்டத்துத் தாயார் ஒருவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகனுக்குப் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விமானம் பாரிசில் இறங்குகிறது. "அங்கிருந்து லியோனுக்கு ரயிலும் போகுதாம், பஸ்ஸும் போகுதாம், காரிலேயும் போகலாமாம். எதில் போனால் செலவு குறையும்? எதில் போனால் பிள்ளை சிரமப்படாமல் போய்ச் சேருவான்? வாத்தியார் ஐயாதான் விளக்கிச் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்விக்கு நான் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையில், அந்த வழியில் நானே போய் வந்தேன். என் அக்காள் மகள் லியோனில் படித்துப் பட்டம் பெற்றாள். தாய்மாமன் என்ற முறையில் அந்த விழாவுக்கு நானும் போனேன். அக்காள் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்பவள். அத்தான் செம்பனைக் குலை வெட்டுபவர். இருவரும் அதற்கு முன் விமானத்தில் ஏறியதில்லை. அந்தப் பயணத்தில் எங்களுக்கு நேர்ந்ததையும் நான் கற்றுக்கொண்டதையும் சொன்னாலே அந்தத் தாயாருக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்வோம். பாரிஸ் பிரான்சின் வடக்கே இருக்கிறது. லியோன் தென்கிழக்கே, ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது. சடக்கு வழியே ஏறத்தாழ 465 கிலோமீட்டர். நம் நாட்டுக் கணக்கில் சொன்னால், கோலாலம்பூரிலிருந்து அலோர் ஸ்டார் போய், அதற்கும் கொஞ்சம் அப்பால் போவது போல.

இந்தத் தூரத்தை ரயில் இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது. பஸ்ஸுக்கு ஆறரை, ஏழு மணி நேரம் ஆகிறது. காருக்கு நெரிசல் இல்லாத நாளில் நாலரை, ஐந்து மணி நேரம்.

இதைப் படித்தவுடன், "அப்படியானால் ரயில்தானே!" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எங்கள் குடும்பத்தில் இருவர் ரயிலிலும் இருவர் பஸ்ஸிலும் போகும்படி ஆயிற்று. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ரயில்

பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடும் அதிவேக ரயிலுக்கு டி.ஜி.வி. என்று பெயர். 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் இது பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. அதற்கு முன் பழைய தண்டவாளம் ஊர்களைச் சுற்றிக்கொண்டு 512 கிலோமீட்டர் போயிற்று. நல்ல விரைவு ரயிலுக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடித்தது. புதிய பாதையைக் கூடியவரை நேராகப் போட்டதால் தூரம் சுமார் 430 கிலோமீட்டராகக் குறைந்தது. பாதையின் முதற்பகுதி திறந்தபோது பயண நேரம் 2 மணி 40 நிமிடம். 1983இல் பாதை முழுமையடைந்ததும் அது 2 மணி நேரமாயிற்று.

வழியில் பர்கண்டி நாட்டு மேடுகள் குறுக்கிடுகின்றன. ஆனால் இந்தப் புதிய பாதையில் ஒரு குடைவழிகூட இல்லை. ரயில் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. 1000 மீட்டர் ஓடுவதற்குள் 35 மீட்டர் உயரம்கூட ஏறும். சாதாரண ரயிலுக்கு அந்த ஏற்றம் ஆகாது. மின்சாரத்தின் வலுவும், வந்த வேகமும் சேர்ந்துதான் இதை மேலே தூக்கிவிடுகின்றன. முதலில் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது, பிற்பாடு 300 வரை ஓடத் தொடங்கியது.

வேகம் இருக்கட்டும், விலையைப் பார்ப்போம். நம் ஊரில் பஸ் சீட்டுக்கு இன்ன ஊருக்கு இன்ன விலை என்று ஒன்று இருக்கும். அந்த ரயிலில் அப்படி இல்லை. விமானச் சீட்டைப் போலவே விற்கிறார்கள். மூன்று, நான்கு மாதம் முன்னதாக விற்பனை திறக்கும்போது விலை குறைவாக இருக்கும். இடங்கள் நிரம்ப நிரம்ப விலை ஏறும். விடுமுறை நெருங்கினால் இன்னும் ஏறும். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இருவர், ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்குபவர்கள், ஒருவர் 29 யூரோவும் மற்றவர் 89 யூரோவும் கொடுத்திருப்பார்கள். தூரம் ஒன்றுதான். சீட்டு வாங்கிய நாள்தான் வேறு.

என் அக்காள் மகள் மார்ச் மாதத்திலேயே எனக்கும் அக்காளுக்கும் சீட்டு வாங்கிவிட்டாள். ஆளுக்கு 29 யூரோ. யூரோ ஒன்றுக்குக் கணக்குக்கு எளிதாக 5 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 145 வெள்ளி. எனக்குப் பள்ளி விடுமுறை நாள் முன்பே தெரியும். அக்காளுக்கும் எப்படியோ விடுப்பு உறுதியாகிவிட்டது. அத்தானுக்கு மட்டும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குலை வெட்ட ஆள் பற்றாக்குறை. யார் மீதும் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. ஆனால் விடுப்புக்கு எழுத்தில் உத்தரவு வந்தபோது, விமானம் ஏறப் பத்து நாள்தான் இருந்தது.

அதற்குள் விமானச் சீட்டு எங்கோ ஏறிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் போட்டு வைத்திருந்த பணத்தை எடுத்து அத்தான் அதை வாங்கினார். பிறகு பாரிஸ் – லியோன் ரயில். நாங்கள் போகும் ரயிலில் இடமே இல்லை. அதே காலையில் புறப்படும் மற்ற ரயில்களில் 89 யூரோ. இயேசுநாதர் விண்ணேற்ற விழாவை ஒட்டிய நீண்ட விடுமுறை அது. ஊரே பயணம் போகிற நேரம். அன்றைய பஸ்ஸில் 24 யூரோ.

தொலைபேசியில் மகள் இந்த இரண்டு விலையையும் சொன்னாள். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பஸ்ஸே எடும்மா" என்றார்.

அக்காள் விடவில்லை. "ஏங்க, பாஷை தெரியாத ஊருல நீங்க மட்டும் தனியாவா வருவீங்க?" என்றாள். நான் மீதிப் பணத்தைப் போடுவதாகச் சொன்னேன். அத்தான் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரே, உங்க காசும் காசுதானே? அந்த வித்தியாசம் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றார்.

65 யூரோ. 325 வெள்ளி. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் நாள் ஒன்றுக்கு 65 வெள்ளி. வித்தியாசம் சரியாக ஐந்து நாள் உழைப்பு. ஐந்து மணி நேரம் மிச்சப்படுத்த ஐந்து நாள் வெட்ட வேண்டுமா என்பது அத்தானின் கணக்கு. நான் கணக்கு வாத்தியார். அந்தக் கணக்கில் எனக்குத் தவறு ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. பாரிசுக்கு வந்து எங்களை அழைத்துப் போகும் மகளும் அக்காளும் ரயிலில் போவார்கள். நான் அத்தானோடு பஸ்ஸில் போவேன். என் ரயில் சீட்டைத் திருப்பிக் கொடுத்ததில் கழிவு போக மிஞ்சியது சொற்பம். அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை.

பஸ்

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மொழியில் ரயில் நிலையத்துக்குக் 'கார்' என்று பெயர். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்கள். தூரப் பயணப் பஸ்ஸுக்கும் 'கார்' என்றுதான் பெயர். நாம் கார் என்று சொல்லும் வண்டியை 'வுவாத்யூர்' என்கிறார்கள். பாரிசில் லியோன் ரயில் புறப்படும் நிலையத்துக்கே 'கார் த லியோன்' என்று பெயர். "கார் நிக்கிற எடத்துக்குப் போய் காரைப் பிடிக்கணும், ஆனா அது கார் இல்ல, பஸ்ஸு. சரிதானே வாத்தியாரே?" என்று அத்தான் கேட்டுச் சிரிக்க வைத்தார்.

பிரான்சில் உள்நாட்டுத் தூரப் பயணப் பஸ்கள் தாராளமாக ஓடத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. ரயிலுக்குப் போட்டியாகப் பஸ் வந்துவிடக் கூடாது என்று சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2015ஆம் ஆண்டுதான் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அப்போது பொருளாதார அமைச்சராக இருந்த எம்மானுவேல் மக்ரோன் கொண்டுவந்த சட்டம் அது. ரயில் கட்டணம் கொடுக்க முடியாத ஏழைகளும் பயணம் போக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. இன்று பிளிக்ஸ்பஸ், பிளாபிளாகார் பஸ் என்ற இரு பெயர்களைத்தான் அங்கே அதிகமாகப் பார்க்கலாம்.

காலை ஒன்பதரைக்குப் பாரிசின் பெர்சி பஸ் நிலையத்தில் ஏறினோம். ரயில் நிலையத்திலிருந்து அது அதிக தூரமில்லை. சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம். பெட்டிகளை வயிற்றுப் பகுதியில் போட்டுக்கொண்டார்கள். உள்ளே கழிப்பறை இருந்தது. இருக்கை நம் ஊர் விரைவுப் பஸ்ஸைவிடக் கொஞ்சம் நெருக்கம். எங்களைச் சுற்றி மாணவர்கள், கைக்குழந்தையோடு ஒரு ஆப்பிரிக்கப் பெண், ஒரு வயதான தம்பதி. பெரிய சம்பளக்காரர்கள் என்று யாரும் அதில் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அங்கே நெடுஞ்சாலையில் காருக்கு மணிக்கு 130 கிலோமீட்டர் வரை அனுமதி. மழை பெய்தால் 110. பஸ்ஸுக்கு 100தான். ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அந்த ஓய்வு பயணிகளுக்கும் ஓய்வாகிவிடுகிறது. பர்கண்டியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினார்கள். அக்காள் கட்டிக் கொடுத்திருந்த ரொட்டியைப் பிரித்து அங்கேயே பசியாறினோம். கடையில் ஒரு காப்பி வாங்கிப் பார்த்து, அடுத்த காப்பி லியோனில் குடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

போன் என்ற ஊரைத் தாண்டும்போது மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். நூல் பிடித்தாற்போல் நிரை நிரையாகச் செடிகள். ஆட்கள் குனிந்து தளிர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஒரு ஆளுக்கு எத்தனை நிரை குடுப்பாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "குனிஞ்சு செய்யிற வேலை. நம்ம வேலையில அண்ணாந்து பாக்கணும். ரெண்டுலயும் வலிக்கிறது கழுத்துதான்" என்றார்.

லியோனுக்குள் நுழையும் இடத்தில் ஃபூர்வியேர் என்ற குன்றைக் குடைந்து 1971இல் திறந்த ஒரு குடைவழி இருக்கிறது. நெரிசலுக்குப் பிரான்சு முழுவதும் பெயர் பெற்ற இடம் அது. எங்கள் பஸ்ஸும் அதற்கு முன் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. மாலை ஐந்து மணிக்குத்தான் பெராஷ் நிலையத்தில் இறங்கினோம். ஏழரை மணி நேரம். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் குலை வெட்டிய இடுப்பு அது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரயிலில் போனவர்கள் பன்னிரண்டு மணிக்கே லியோன் சேர்ந்து, கடைக்குப் போய், சோறும் ரசமும் ஆக்கிவைத்துக் காத்திருந்தார்கள். "மேசையில வச்ச தண்ணி ஆடவே இல்லைங்க. அதுக்குள்ள எறங்கச் சொல்லிட்டாங்க" என்று அக்காள் ஆச்சரியமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அத்தானின் இடுப்பைப் பார்த்தாள். அப்புறம் ரயிலைப் பற்றி அவள் பேசவில்லை.

கார்

கார் விஷயத்தை அக்காள் மகள்தான் விவரமாகச் சொன்னாள். அவள் சிநேகிதிகளோடு பலமுறை போய் வந்திருக்கிறாள்.

பாரிஸ் – லியோன் நெடுஞ்சாலைக்கு ஏ6 என்று பெயர். மத்தியதரைக் கடல் வரை போகும் இந்த வழியைச் 'சூரிய நெடுஞ்சாலை' என்று செல்லமாக அழைக்கிறார்கள். டோல் கட்டணம் ஏறத்தாழ 40 யூரோ. சாதாரணக் காருக்கு இந்தத் தூரத்துக்கு 30 லிட்டர் பெட்ரோல் ஆகும். அங்கே நம் ஊர்போல் அரசாங்க உதவித்தொகை கிடையாது. லிட்டருக்கு ஒன்றரை யூரோவுக்கு மேல். ஆகவே பெட்ரோலுக்கு 50 யூரோ. மொத்தம் 90.

ஒருவர் மட்டும் போனால் ரயிலில் கடைசி நேரத்துச் சீட்டு வாங்கும் செலவு இது. நால்வர் சேர்ந்து போனால் தலைக்கு 22 யூரோ 50 காசுதான்; பஸ்ஸைவிட மலிவு, பஸ்ஸைவிட வேகம். குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளும் உள்ள குடும்பத்துக்குக் கார்தான் சௌகரியம். ஆனால் இது சொந்தக் கார் உள்ளவர் கணக்கு. வாடகைக்கு எடுத்தால் வாடகை, ஒரு ஊரில் எடுத்து மறு ஊரில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம், நகருக்குள் நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்துவிடும். மேலும் நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். அங்கே வலப்பக்கம். பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் விமானத்தில் வந்த களைப்போடு பழகாத பக்கத்தில் மணிக்கு 130இல் ஓட்டுவது வேண்டாத வேலை.

கார் இல்லாதவரும் காரில் போக ஒரு வழி இருக்கிறது. நான் இன்ன நாள் லியோன் போகிறேன், மூன்று இடம் காலி என்று கார்க்காரர் அறிவிப்பார். வேண்டியவர் சேர்ந்துகொண்டு டோலிலும் பெட்ரோலிலும் ஒரு பங்கு கொடுப்பார். இப்படி ஆட்களைச் சேர்த்துவிடும் பிளாபிளாகார் என்ற நிறுவனம் 2006இல் பிரான்சில் தோன்றியது. நம் தோட்டங்களில் பட்டணத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் நாலு பேர் ஏறிக்கொண்டு எண்ணெய்க் காசு கொடுக்கும் பழக்கம்தான். அவர்கள் அதைக் கைத்தொலைபேசிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வண்டி ஓட்டுபவரைப் பற்றி முன்பு ஏறியவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துவிட்டுத்தான் அக்காள் மகள் ஏறுவாளாம். பெண் பிள்ளைகள் அப்படிச் செய்வது நல்லது.

காருக்கு இன்னொரு எதிரி நாள்காட்டி. சாலை நெரிசலை முன்னறிவிக்க 'பிசோன் ஃபுய்தே' என்ற பெயரில் அரசாங்கச் சேவை ஒன்று 1976 முதல் நடந்து வருகிறது. நாள்களைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்துச் சொல்வார்கள். கறுப்பு நாள் என்றால் வீட்டிலேயே இருப்பது மேல். கோடை விடுமுறையில், குறிப்பாக ஜூலை முடிந்து ஆகஸ்டு பிறக்கும் சனிக்கிழமைகளில், தெற்கே போகும் சாலையெல்லாம் கார் வரிசையாகவே இருக்கும்.

"விமானம் இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். பாரிசின் ஓர்லி விமான நிலையத்துக்கும் லியோனுக்கும் இடையே விமானம் பறந்துகொண்டிருந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்த ஊருக்கு விமானம் எதற்கு, புகைதானே மிச்சம் என்று சட்டம் இயற்றி, 2023 மே மாதம் அதை அதிகாரபூர்வமாக நிறுத்திவிட்டார்கள்.

திரும்பும் வழி

திரும்பும்போது அத்தானையும் ரயிலிலேயே அழைத்து வந்தோம். அவருக்கு 55 யூரோ ஆயிற்று. முதலில் தலையை ஆட்டினார். "குடைவழியில் பஸ் நின்றுவிட்டால் விமானம் போய்விடும், அத்தான். அப்புறம் 55இல் முடியாது" என்று நான் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். பயணத்தின் முடிவில் விமானமோ, தேர்வோ, நேர்முகமோ காத்திருந்தால் பஸ்ஸையும் காரையும் நம்பிப் போகக் கூடாது. அந்த இடத்தில் ரயிலுக்குக் கொடுக்கும் அதிகக் காசு வேகத்துக்காக அல்ல, நிச்சயத்துக்காக.

பாரிசின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு டி.ஜி.வி. நிலையம் இருக்கிறது. லியோனிலிருந்து நேராக அங்கேயே வந்து இறங்கினோம். பாரிஸ் நகருக்குள் போய்ச் சுரங்க ரயில் மாறிப் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. கடிதம் எழுதிய தாயார் இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரயிலில் அத்தான் சன்னலோரம் உட்கார்ந்தார். புல்வெளியில் பர்கண்டியின் வெள்ளை மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "எண்ணலாம்னு பாத்தா அதுக்குள்ள ஓடிருது" என்றார். இடுப்பு வலிக்கிறதா என்று அக்காள் கேட்டதற்கு இல்லை என்று சொன்னார். அது உண்மை என்பது முகத்தில் தெரிந்தது.

என் யோசனை

அந்தத் தாயாருக்கும், பிள்ளைகளை அந்த நாட்டுக்கு அனுப்பும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

போகும் நாள் தெரிந்துவிட்டதா? அன்றைக்கே ரயில் சீட்டு வாங்குங்கள். அப்போது ரயில்தான் வேகம். விலையும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு நாளைக்கு இருபதுக்கு மேற்பட்ட ரயில்கள் ஓடுகின்றன. அதிகாலையிலும் நடுப்பகலிலும் போவது பெரும்பாலும் மலிவு. வெள்ளி மாலையையும் ஞாயிறு மாலையையும் தவிருங்கள். 2013 முதல் 'வீகோ' என்ற மலிவு வகை ரயிலும், 2021 டிசம்பர் முதல் இத்தாலிக்காரர்களின் ரயிலும் இந்த வழியில் ஓடத் தொடங்கின. எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீகோவில் பெரிய பெட்டிக்குத் தனிக் காசு. அதையும் கூட்டிக்கொண்டு ஒப்பிட வேண்டும். அங்கேயே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு 49 யூரோ கட்டி இளைஞர் சலுகை அட்டை வாங்கினால் முப்பது விழுக்காடு கழிவு கிடைக்கும்.

சீட்டில் நிலையத்தின் பெயரைப் படியுங்கள். லியோனில் நகருக்குள் இருப்பவை பார்டியூ, பெராஷ். செந்தெக்சுபெரி என்று இருந்தால் அது நகருக்கு வெளியே உள்ள விமான நிலையம். அங்கிருந்து நகருக்கு வரத் தனியாகச் செலவாகும். பாரிசிலும் அப்படியே. சில மலிவு ரயில்கள் மார்ன் ல வாலே என்ற புறநகரிலிருந்து புறப்படும். எந்த நடைமேடை என்பதை இருபது நிமிடம் முன்புதான் பலகையில் காட்டுவார்கள். புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள். பெட்டிகளில் பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

நாள் தெரியாமல் கடைசி நேரத்தில் போக வேண்டியிருந்தால், உடம்பு தாங்குமானால், பஸ் நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு நாட்டையும் பார்த்த மாதிரி இருக்கும். நால்வர் சேர்ந்தால், ஓட்டத் தெரிந்தவர் உள்ளூர்க்காரராக இருந்தால், கார் நல்லது.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அந்த ஏழரை மணி நேரமும் ஒரு விஷயம் என் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த ரயிலில் மலிவு விலை யாருக்கு? மூன்று மாதம் கழித்து இன்ன நாள் எனக்கு ஓய்வு என்று இன்றைக்கே சொல்லக்கூடியவனுக்கு. அலுவலகத்தில் இருப்பவனுக்கும் வாத்தியாருக்கும் அது முடிகிறது. அடுத்த வாரம் விடுப்பு உண்டா என்பதே தெரியாத உழைப்பாளி, கையில் குறைந்த காசு உள்ளவன், அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அல்லது ஏழு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. யாரும் அவனை ஏமாற்றவில்லை. அவனுடைய நாள் அவன் கையில் இல்லை, அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் இருக்கும். ஒரு மாலை அத்தான் வீட்டுக்கு வந்தார். இளைய மகன் பட்டம் வாங்கும் விழா அந்த ஆண்டுக் கடைசியில் சபாவில் நடக்கவிருந்தது. "வாத்தியாரே, ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார். ஐந்து ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டில் 16 நாள் விடுப்பு உண்டு என்பது நம் நாட்டுச் சட்டம். அதில் ஐந்து நாள், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, உத்தரவை இப்போதே எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்டு எழுதிக் கொடுத்தேன். கிராணியார் நல்ல மனிதர். பத்து நாளில் கையெழுத்தாகி வந்துவிட்டது. அன்று இரவே விமானச் சீட்டு வாங்கினோம். எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அத்தான் அந்த விடுப்புக் கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

தாயாருக்கு ஒரு வார்த்தை. மகனுடைய கல்லூரி தொடங்கும் தேதி கடிதத்தில் இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். வழியனுப்ப நீங்களும் கணவரும் விமான நிலையத்துக்கு வருவதானால், அந்த நாளுக்கு இன்றே விடுப்புக் கேளுங்கள். மகனுக்கு ரயில் சீட்டையும் இன்றே பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.